மெஷினைத் திறக்கும் கை

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பு 2019-20-ல் காட்டிய விகிதம் சுமார் 43 சதவீதம். மேடைதோறும் சொல்லப்படும் எண் இது. பெருமையோடு சொல்லத் தகுந்ததும்கூட. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், திருப்பூர், ஆம்பூர்ப் பக்கங்களில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

தொழிற்சாலைக்கு உள்ளே போனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. லைன் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று பாகங்களைப் பொருத்துகிறவர்கள் பெண்கள். மெஷின் மக்கர் செய்தால் டூல் பாக்ஸோடு வந்து அதைத் திறக்கிறவர் பெரும்பாலும் ஆண். அவர் ஐடிஐ அல்லது பாலிடெக்னிக் படித்தவர். அந்தப் பெண்களில் பலர் பிளஸ் டூ முடித்துவிட்டு, சில நாள் பயிற்சியோடு லைனுக்கு வந்தவர்கள். சம்பளம், பதவி உயர்வு, வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும் வாய்ப்பு என எல்லாமே இந்த வித்தியாசத்திலிருந்துதான் பிரிகின்றன.

தொழிற்கல்வி பெண்ணை உயர்த்துமா என்ற கேள்விக்குப் பொதுவாக 'ஆம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. எந்தத் தொழில், எவ்வளவு ஆழமாக, எந்தச் சான்றிதழோடு, வேலைக்குப் போய்வர என்ன வசதியோடு என்பவற்றைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கடந்த நூறு ஆண்டு அனுபவமும் அதைத்தான் காட்டுகிறது.

விதவைகளிடமிருந்து தொடங்கிய கதை

தமிழகத்தில் பெண்களுக்கான தொழிற்பயிற்சி, வீட்டில் இடமில்லாமல் போன பெண்களிடமிருந்து தொடங்கியது. சிறு வயதிலேயே விதவையான சகோதரி சுப்புலட்சுமி, 1911-ல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே சென்னையில் இளம் விதவைகளுக்கு ஒரு விடுதி தொடங்கினார். பின்னர் அது திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் இயங்கியது. மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள் அங்கிருந்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1930-ல் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தை நிறுவினார். ஆசிரியை, செவிலி என்ற இரண்டு தொழில்கள்தான் தமிழ்ப் பெண்ணுக்கு முதன்முதலாகச் சம்பளத்தையும் தனி அறையையும் தந்தவை. இன்றைக்கும் கிராமத்தில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பெண்ணிடம் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால், டீச்சர் அல்லது நர்ஸ் என்ற பதில்தான் சட்டென்று வருகிறது. அந்தத் தொழில்களுக்குச் சமூகம் ஒப்புதல் தந்து நூறு ஆண்டு ஆகிவிட்டது.

இயந்திரத்துக்கு அந்த ஒப்புதல் எளிதில் கிடைக்கவில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்த ஏ. லலிதா 15 வயதில் திருமணமாகி, 18 வயதில் கைக்குழந்தையோடு விதவையானவர். அவரோடு பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவில் பொறியியல் படித்தார்கள். 1940-களின் தொடக்கத்தில் மூவருக்கும் பட்டம் கிடைத்தபோது, சான்றிதழில் ஆணைக் குறித்து அச்சிட்டிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதித் தர வேண்டியிருந்தது. பின்னாளில் பக்ரா நங்கல் மின் திட்டத்துக்கான பணிகளிலும் லலிதாவின் உழைப்பு சேர்ந்தது. ஒன்றை மறக்கக் கூடாது: லலிதாவின் தந்தை அதே கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். ஒரு தந்தை கதவைத் திறந்துவிட்டதால் உள்ளே போனவர் அவர். தந்தை பேராசிரியராக இல்லாத லட்சக்கணக்கான பெண்களுக்குக் கதவைத் திறக்க வேண்டியது அரசின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை அரசு அரைகுறையாகத்தான் ஏற்றது. 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. அதன் வழியாக ஐடிஐ-க்கள் பெருகின. பெண்களுக்கென்று தனியாகத் தொழிற்பயிற்சித் திட்டம் 1977-ல்தான் வந்தது. மகளிர் ஐடிஐ-க்களும் மகளிர் பாலிடெக்னிக்குகளும் எழுந்தன. தஞ்சை வல்லத்தில், பெண்ணுக்குச் சொந்த வருமானம் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசிய பெரியாரின் பெயரால் மகளிர் பாலிடெக்னிக்கும், 1988-ல் பெண்களுக்கான பொறியியல் கல்லூரியும் அமைந்தன. ஆனால் பல மகளிர் பயிற்சி நிலையங்களில் பாடப்பிரிவுப் பட்டியலைப் பார்த்தால் தையல், ஆடை வடிவமைப்பு, அழகுக் கலை, அலுவலகச் செயலர் பயிற்சி, கணினி இயக்குநர் என்றே போகும். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், வெல்டர் எல்லாம் பொது ஐடிஐ-யில் இருக்கும். அங்கே இடஒதுக்கீடு இருந்தும் மகளிர் இடங்கள் பல நிரம்புவதில்லை.

தையல் மிஷினின் வரம்பு

தையலைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் இல்லை. 1970-களில் தொடங்கி, இப்போது சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில், ஏழை விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் அரசு இலவசத் தையல் மிஷின் தருகிறது. திண்ணையில் போட்ட அந்த ஒரு மிஷினை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கரையேற்றிய தாய்மார் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். டெல்லியின் ஏழ்மையான குடியிருப்புகளில் 18 முதல் 39 வயது வரையிலான பெண்களுக்கு ஆறு மாதத் தையல் பயிற்சி தந்து, அதன் பலனை ஆய்வாளர்கள் மைத்ராவும் மணியும் கறாராக அளந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் வேலைக்குப் போவதும், உழைக்கும் நேரமும், வருமானமும் கூடின. பயிற்சியைப் பாதியில் விட்டவர்களைப் பிடித்து நிறுத்திய காரணங்களும் அந்த ஆய்வில் தெளிவாக வந்தன: பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை, பயிற்சி நிலையத்தின் தூரம், கைப்பணத் தட்டுப்பாடு. மூன்றில் ஒன்றுகூடப் பெண்ணின் திறமையைப் பற்றியதோ ஆர்வத்தைப் பற்றியதோ இல்லை.

ஆனாலும் தையலுக்கு ஓர் எல்லை உண்டு. தெருவுக்குப் பத்துப் பேர் ஜாக்கெட் தைத்தால் கூலி ஏறாது. உகாண்டா தலைநகர் கம்பாலாவில் நடந்த ஓர் ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. சிறு தொழில் நடத்தும் பெண்களில், ஆண்கள் மிகுந்த உலோக வேலை, மர வேலை, மின் வேலை போன்றவற்றுக்குள் நுழைந்தவர்கள், தையல், சமையல், சிகை அலங்காரம் என்று வழக்கமான தொழில்களில் நின்றவர்களைவிட மூன்று மடங்கு லாபம் பார்த்தார்கள். ஆண்களுக்குச் சமமாகவும் சம்பாதித்தார்கள். வழக்கமான தொழிலில் இருந்தவர்களில் பலருக்கு அப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே தெரியவில்லை. மாறிப் போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று பார்த்தால், தந்தையோ உறவினரோ நண்பரோ கைபிடித்து அறிமுகப்படுத்தியது தெரிந்தது. கிண்டியில் லலிதாவுக்கு நடந்ததேதான் கம்பாலாவிலும் நடந்திருக்கிறது. ஆகவே தொழில் பற்றிய தகவலும், முதல் அறிமுகமும், பயிற்சியில் பாதி என்றே கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் கூடியிருப்பதாக வரும் கணக்கையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18-ல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24-ல் 41.7 சதவீதத்தைத் தொட்டது. கூடியதில் பெரும்பகுதி கிராமத்துச் சுயதொழில். அதிலும் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கைகொடுப்பவர்கள் கணிசம். வேலை இருக்கிறது, கூலி இல்லை. கையில் சான்றிதழும் இல்லை.

பட்டறைக்குள்

ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவர்கள் முதல் சில மாதம் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டை வைஸில் இறுக்கி வைத்து அரம் போடுவது. தோளும் மணிக்கட்டும் வலிக்க வலிக்க அரம் போட்டு, ட்ரை ஸ்கொயரை மேலே வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். இடையில் ஒளிக்கீற்று கசிந்தால் பரப்பு இன்னும் சமமாகவில்லை என்று அர்த்தம், திரும்ப அரம். பிறகு வெர்னியர் வரும், மைக்ரோமீட்டர் வரும். வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கலாம், மைக்ரோமீட்டரில் 0.01 வரை. இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று பிசிறில்லாமல் உட்கார்ந்தால் மார்க். அரம் போட்டது யார் என்று அந்த அளவுக் கருவிகள் கேட்பதில்லை.

ஆனால் பட்டறை கேட்கிறது. வைஸின் மேல்மட்டம், நிற்பவரின் முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பது ஃபிட்டர் பாடத்தின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று. மேஜையையோ சராசரி ஆணின் உயரத்துக்குப் போட்டுவிடுகிறோம். ஐந்தடிக்கும் குறைவான பெண் தோளைத் தூக்கிக்கொண்டு அரம் போட்டால் சீக்கிரம் களைப்பாள். 'பொம்பளைப் பிள்ளைக்கு இது சரிப்படாது' என்று முடிவு கட்டிவிடுவார்கள். காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை போட்டால் தீர்ந்துபோகிற விஷயம். சின்ன அளவில் பாதுகாப்புக் காலணி, சரியான அளவில் ஓவர்கோட், பக்கத்திலேயே தண்ணீர் வரும் கழிப்பறை, பட்டறையில் ஒரு பெண் பயிற்றுநர் என எல்லாம் இந்த வகைதான். செலவு அதிகமில்லை. யாரும் யோசிக்காததால் இல்லாமல் கிடக்கின்றன.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐ-க்கள் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் புதுப்பிக்கப்பட்டன. ரோபோ, சிஎன்சி, மின்வாகனப் பயிற்சி எல்லாம் வந்துவிட்டன. இங்கே பெண்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு தெரிகிறது: பழைய பட்டறைகளில் 'இது ஆம்பளை வேலை' என்று பல தலைமுறையாகப் படிந்த வழக்கம், புதிதாக வந்திருக்கும் இந்த மெஷின்களின் மேல் இன்னும் படியவில்லை. அது படிவதற்குள் பெண்களை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும்.

பயிற்சி என்ற பெயரில்

தொழிற்பயிற்சி என்ற பெயரே பெண்ணுக்கு எதிராகத் திரும்பிய வரலாறும் தமிழ்நாட்டில் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று பேர் எடுத்த முறை. பதின்ம வயதுப் பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் அப்ரண்டிஸ் என்று சேர்த்து, மில் வளாக விடுதியிலேயே தங்க வைத்து, குறைந்த தினக்கூலி கொடுத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். பல பெண்கள் ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வெளியே போகக் கட்டுப்பாடு, கூடுதல் நேர வேலை, உடல்நலம் கெட்டு நடுவில் போனால் தொகையை இழக்கும் அபாயம் என்பவற்றையெல்லாம் 2011-லும் 2014-லும் வெளியான சர்வதேச ஆய்வறிக்கைகள் பதிவு செய்தன. மூன்று ஆண்டு 'பயிற்சி'க்குப் பிறகு அந்தப் பெண்ணிடம் எந்தத் தொழில் சான்றிதழும் இருக்காது. பயிற்சி என்று எதை அழைக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் கடுமையான வரையறை வேண்டும் என்பதற்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை.

நோக்கியாவின் கதை வேறு விதம். அங்கே சம்பளமும் மரியாதையும் இருந்தன. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையில் பாதிக்கு மேல் பெண்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். வரி வழக்கு, கம்பெனியின் செல்போன் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பனை என்று நிலைமை மாறி, 2014 நவம்பர் 1-ல் ஆலை மூடப்பட்டது. உலகத்துக்கே செல்போன் செய்து அனுப்பிய கைகள் அவை. ஆனால் அந்த அனுபவத்தை இன்னொரு கம்பெனி ஏற்கும்படி எழுதிக் காட்ட அவர்களிடம் காகிதம் இல்லை. ஆபரேட்டராகச் சேர்ந்தவர்கள் ஆபரேட்டராகவே வெளியே வந்தார்கள். எட்டு ஆண்டு வேலையில் மாலை நேர டிப்ளமோ ஒன்றைக் கம்பெனியும் அரசும் சேர்ந்து தந்திருந்தால், அவர்களில் எத்தனையோ பேர் இன்று மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்திருப்பார்கள்.

இப்போது அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் கம்பெனி ஐபோன் செய்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது, சக தொழிலாளிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அரசு அசைந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு, ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்ற செய்தியை ராய்ட்டர்ஸ் வெளியிட்டதும், மத்திய அரசு விளக்கம் கேட்டது. கல்யாணம் ஆனதும் காலாவதியாகிவிடும் திறமையாகப் பெண்ணின் உழைப்பைக் கருதும் வரை, எந்தத் தொழிற்பயிற்சியும் அவளுக்கு ஐந்தாறு ஆண்டு வருமானத்துக்கு மேல் தராது.

சட்டமும் சாலையும்

பெண்ணை மெஷினிலிருந்து தள்ளி நிறுத்தியதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் முக்கியப் பாகங்களைச் சுத்தம் செய்யவோ எண்ணெய் விடவோ சரிசெய்யவோ பெண்ணை அனுமதிக்கக் கூடாது என்றது. இரவு 7 முதல் காலை 6 வரை வேலை செய்யவும் தடை போட்டது. பாதுகாப்பு நோக்கத்தோடு எழுதியதுதான். ஆனால் பராமரிப்பு வேலையும் இரவு ஷிப்டும் இல்லாதவருக்கு டெக்னீசியன் பதவி எப்படிக் கிடைக்கும்? இரவு வேலைத் தடையை 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் வசந்தா வழக்கில் செல்லாது என்றது. எல்லா வகை வேலையிலும் பெண்களை அமர்த்தலாம் என்று 2020-ன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற பழைய சட்டத்தின் விதியோ பல இடங்களில் காகிதத்திலேயே இருந்தது. டெல்லி ஆய்வு சொன்ன முதல் தடை அதுதான் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சாலை விஷயத்தில் தமிழ்நாடு முன்னே நிற்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும், 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததும் என் பார்வையில் தொழிற்கல்விச் சீர்திருத்தங்களே. பஸ் காசுக்குக் கையேந்த வேண்டியிராத பெண்தான் பக்கத்து ஊர் ஐடிஐ-யில் சேர்வாள்.

பணத்தின் திசை மாறியதும் முக்கியம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் இருந்தது திருமண நிதியுதவி. பின்னாளில் தாலிக்குத் தங்கமும் தந்தது. 2022 செப்டம்பர் 5 முதல் அதே பெயரில் புதுமைப் பெண் திட்டமாக, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி, டிப்ளமோ, ஐடிஐ போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போகிறது. கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பணத்தைப் படிப்புக்குத் திருப்பியது, இந்தத் துறையில் தமிழக அரசு எடுத்த முடிவுகளில் ஆகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

இடஒதுக்கீடும் தகுதிச் சான்றும் பலன் தரும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி, கனரக வாகன உரிமத்தோடு விண்ணப்பித்து, மகளிர் ஒதுக்கீட்டின் துணையோடு 1993-ல் அரசுப் பேருந்து ஓட்டுநரானார். 2017-ல் ஓய்வு பெறும் வரை ஓட்டினார். மகாராஷ்டிரத்தின் சுரேகா யாதவ், மின் பொறியியல் டிப்ளமோவோடு ரயில்வேயில் சேர்ந்து, 2023-ல் வந்தே பாரத் ரயிலையும் ஓட்டினார். இருவர் கையிலும் இருந்தது, நாடு முழுவதும் செல்லுபடியாகும் ஒரு தகுதிச் சான்று. நோக்கியா பெண்களிடம் இல்லாமல் போனது அதுதான்.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. பெண்களை வேலைக்கு எடுத்ததற்காக ஊக்கத்தொகை பெறும் கம்பெனிகள், பராமரிப்புப் பிரிவில் எத்தனை பெண்கள் என்ற கணக்கையும் வெளியிட வேண்டும். லைனில் வேலை செய்யும் பெண்ணுக்கு, செய்த வேலையையே மதிப்பெண்ணாகக் கணக்கிட்டு டிப்ளமோவுக்கு வழி வேண்டும். பொது ஐடிஐ-யின் ஃபிட்டர், எலக்ட்ரீசியன், மெஷினிஸ்ட் பிரிவுகளில் பெண் பயிற்றுநர்களை நியமிக்க வேண்டும். ஒவ்வொரு சிப்காட் தொழிற்பேட்டைக்கும் விடுதி கட்டுவது போலவே குழந்தைகள் காப்பகமும் கட்ட வேண்டும்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு அரசு ஐடிஐ-க்களில் எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் முடித்தவர்கள் சேரலாம். பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் சைக்கிளும் உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பும் இல்லை. ஆகவே மகளோடு தாயும் சேரலாம். விண்ணப்பத்தில் பாடப்பிரிவை நிரப்பும்போது பிள்ளை ஃபிட்டர் என்றோ எலக்ட்ரீசியன் என்றோ எழுதினால், அடித்துவிட்டு வேறு எழுதச் சொல்லாதீர்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.